பேரேடும் பதிவேடும்

ஒரு மண்டியின் பெயரைச் சொன்னால் அதன் முதலாளி யார் என்று சொல்லவும், முதலாளியின் பெயரைச் சொன்னால் அவருடைய பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்து இந்தக் கடைத்தெருவில் பாய் விரித்து உட்கார்ந்தார் என்று சொல்லவும் ஆள் இருந்த வரையில், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு வர்த்தக ஸ்தாபனத்தைப் பற்றி அறிந்துகொள்வதற்கு அரசாங்கத்தின் புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றியிராது. இன்றைக்கோ, கடன் கொடுக்கப் போகிறவரும், சரக்கு அனுப்பப் போகிறவரும், வழக்குத் தொடுக்கப் போகிறவரும் வீட்டில் இருந்தபடியே தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தைத் திறந்து, ஒரு கூட்டு வியாபார ஸ்தாபனத்தின் பெயரைத் தட்டி, அப்படி ஒன்று பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட முடிகிறது. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் கிடக்கும் சரித்திரம் ராஜாக்களுடையதன்று; அது பெரும்பாலும் குமாஸ்தாக்களுடையதும் வக்கீல்களுடையதும் ஆகும். ஆயினும் அது சுவையற்றதன்று.

இந்த இரண்டு ஊர்களும் பெரிய வியாபார ஸ்தலங்களானதற்குக் காரணங்கள் பல சொல்லலாம். என் அபிப்பிராயத்தில் ரயில் பாதி, மணிலாக் கொட்டை பாதி. புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் இணைத்த இருப்புப்பாதை 1879-இல் திறக்கப்பட்டபோது, தென்னார்க்காட்டுச் செம்மண் காடுகளில் விளைந்த வேர்க்கடலை, வளவனூரையும் சின்னபாபு சமுத்திரத்தையும் கடந்து பிரெஞ்சுக்காரர்களின் துறைமுகத்துக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறி மார்ஸேல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிற்சாலைகளுக்கும் போய்ச் சேரும் வழி எளிதாயிற்று. அந்தக் கடலையை ஊர்மக்கள் இன்றும் 'மல்லாக்கொட்டை' என்றுதான் சொல்கிறார்கள். மணிலாக் கொட்டை என்பது நாவில் உருண்டு உருண்டு அப்படித் தேய்ந்துவிட்டது. பிற்காலத்தில் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்னும் மூன்று எழுத்துகளோடு தேசமெங்கும் பரவி, ஊரைக் கண்டறியாத குடியானவர்களும் அதன் பெயரைத் தினந்தோறும் உச்சரிக்கும்படி செய்தன.

சரக்கு பெருகினால் முதல் வேண்டும்; ஒருவனிடம் இல்லாத முதலை இருவர் சேர்ந்து போட வேண்டும்; இருவர் சேர்ந்தால் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் கலையில் நம்முடைய வர்த்தகர்கள் எவரிடமும் பாடம் கேட்கவில்லை. பிள்ளையார் சுழியிட்டு, 'லாபம்' என்று மங்கலமாக எழுதி மஞ்சள் தடவித் தொடங்கிய நாள்வழிக் குறிப்பும், அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்தெழுதிய பேரேடும், வருஷ முடிவில் எடுக்கும் ஐந்தொகையும், ஒரு கடையின் உயிரை உள்ளபடி காட்டின. யார் எவ்வளவு முதல் போட்டார், யாருக்கு எத்தனை பங்கு, யாரிடம் எவ்வளவு நிலுவை என்பதெல்லாம் அதில் இருந்தன. ஆனால் அந்தப் புத்தகம் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி முதலாளியின் அரைஞாணில் இருந்தது. வெளியார் அதைப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவு. காட்டுவதோ அதைவிடப் பெரிய அவிவேகம்.

ராஜாங்கத்துக்கு ஏட்டில் பதியும் வழக்கம் இல்லாமலில்லை. சோழர் சாசனங்களைப் படிக்கிறவர்கள் புரவுவரித் திணைக்களம் என்றும், வரிப்பொத்தகம் என்றும், பட்டோலை என்றும் பதிவுத் தொழிலைப் பற்றிய பெயர்களை அடிக்கடி காண்பார்கள். முதலாம் இராஜேந்திரனுடைய செப்பேட்டுத் தொகுதி ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எசாலத்திலேயே 1987-இல் வெளிப்பட்டது. ஆனால் அந்தப் பொத்தகங்கள் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியவை. எந்த நிலம், எத்தனை வேலி, என்ன வரி, யாருக்கு இறையிலி என்பதை எழுதிய அரசு, நானாதேசிகளும் ஐந்நூற்றுவருமாகிய வணிகக் குழுவினர் தங்களுக்குள் என்ன பங்கு வைத்திருந்தார்கள் என்பதை அவர்களுடைய சபைக்கே விட்டுவைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் ஆரம்பத்தில் இதே போக்குத்தான். 1864-ஆம் ஆண்டின் 16-ஆவது சட்டத்தால் பத்திரங்களைப் பதிவு செய்யும் இலாகா உருவாயிற்று என்றாலும், அங்கே பதிவானவற்றுள் பெரும்பகுதி நிலத்தின் கிரயமும் அடமானமும் தானமும் பாகப்பிரிவினையுமே. நிலம் ஓடிப்போகாது, ஆகையால் அதை எழுதிவைப்பது எளிது. நாலு பேர் சேர்ந்து நடத்தும் கடையோ, வைகாசியில் சேர்ந்து மார்கழியில் பிரிந்துவிடக்கூடியது.

கூட்டு வியாபாரத்துக்கு எழுதப்பட்ட சட்டம் இல்லை என்று சொல்லவும் முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கடைசி அத்தியாயம் அதைப் பற்றியதே. அதில் இருந்த குறை நீதிமன்றங்களில்தான் புலப்பட்டது. ஒரு கடைக்குச் சரக்கு கொடுத்து ஏமாந்தவர் வழக்குத் தொடுத்தால், 'நான் அந்தக் கடையில் பங்குதாரனே அல்லன், வெறும் குமாஸ்தா' என்று ஒருவரும், 'நான் போன வருஷமே விலகிவிட்டேன்' என்று இன்னொருவரும் கூசாமல் சொல்ல, யார் யார் பங்குதாரர் என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் வாதியின் தலையில் விழுந்தது. பெட்டிக்குள் இருந்த பேரேடு அவருக்கு உதவவில்லை. வேண்டும்போது அது காணாமலும் போயிற்று.

இந்தக் குறையை நீக்கும் பொருட்டு ஏற்பட்ட விசேஷக் கமிட்டியில் சர் பிரஜேந்திரலால் மித்தர், சர் தின்ஷா முல்லா, சர் ஆர்தர் எக்கர் ஆகியவர்களோடு, சென்னை வழக்கறிஞர்களின் திலகமாக விளங்கிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இருந்தார். பிற்காலத்தில் இந்திய அரசியல் சாசனத்தை வரைந்த குழுவில் அமர்ந்த அதே அல்லாடி. இங்கிலாந்தில் 1916-இலேயே வியாபாரப் பெயர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்துவிட்டது. உலக யுத்தத்தின் நடுவில், ஆங்கிலப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அந்நிய தேசத்தார் மறைந்திருக்கிறார்களோ என்ற ஐயம் அதற்கு ஒரு தூண்டுதல். அங்கே பதியாதவருக்கு அபராதம் உண்டு. நம்முடைய கமிட்டியார் அந்த வழியைப் பின்பற்றவில்லை. இந்தியாவில் முதல் அடியாகவே அபராதம் விதிப்பது மிகவும் கடுமை என்றும், சிறிய கடைகளுக்கும் சில மாதங்களே நடக்கும் கூட்டுகளுக்கும் அது வீண் தொல்லை என்றும் அவர்கள் கருதினார்கள். எனவே, பதிவதும் பதியாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, பதியாத ஸ்தாபனம் மூன்றாம் மனிதர் மேல் தனக்குள்ள பாக்கிக்காக நீதிமன்றப் படியேற முடியாது என்று விதித்தார்கள். கட்டாயப்படுத்தாமலே கட்டாயப்படுத்தும் இந்த உபாயத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. நம்முடைய மனிதர்களின் சுபாவத்தை நன்கு அறிந்தவர்களே இப்படி எழுதியிருக்க முடியும்.

அவ்வாறு பிறந்த 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் அவ்வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஆனால் பதியாதவருக்குக் கதவடைக்கும் 69-ஆவது பிரிவு மட்டும், ஜனங்கள் விஷயத்தை அறிந்துகொள்ளட்டும் என்று ஒரு வருஷம் பொறுத்து, 1933 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறு ரூபாய்க்கு மேற்படாத சிறு வழக்குகளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு அளித்தார்கள். அன்றைக்கு நூறு ரூபாய் என்பது சிறிய தொகையன்று. சந்தைக்குச் சந்தை போய் வரும் சிறு வியாபாரிக்கு அந்த விலக்கு மெய்யான நிழலாக இருந்திருக்கும். ரூபாய் தேய்ந்துபோனபின் அந்த நிழலும் சுருங்கிவிட்டது.

இங்கே 'பங்காளி' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நடுநாட்டு வழக்கில் பங்காளி என்பவன் முதலில் தாயாதி. சாவுக்கும் தீட்டுக்கும் வரப்புத் தகராறுக்கும் உரியவன். கடையில் பங்கு போட்டவனையும் அதே சொல்லால் அழைப்பவர்கள் உண்டு. சட்டமோ இந்த இருவரையும் ஐயத்துக்கு இடமின்றிப் பிரித்துவிட்டது. கூட்டாண்மை ஒப்பந்தத்தால் பிறப்பதேயன்றி, பிறப்பினால் வரும் அந்தஸ்தினால் உண்டாவதன்று என்றும், அவிபக்த இந்துக் குடும்பத்தார் தங்கள் குடும்பத் தொழிலை நடத்தினால் அதனாலேயே அவர்கள் பங்குதாரர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்றும் அதன் 5-ஆவது பிரிவு சொல்கிறது. கடைவீதியில் பாட்டன், தகப்பன், அண்ணன், தம்பி என்று பரம்பரையாக நடந்துவந்த கடைகள் பலவும் இவ்விதமாகப் பதிவேட்டின் எல்லைக்கு வெளியே நின்றன. அப்படிப்பட்ட கடையில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு, பிரிந்தபின் ஒப்பந்தம் செய்து மறுபடி ஒன்றுசேர்ந்தால்தான் அவர்கள் சட்டத்தின் கண்ணில் பங்குதாரர்கள். பிரிந்தால்தான் சேரலாம் என்ற இந்த விசித்திரத்தைக் கேட்டு, கிராமத்துப் பெரியவர் ஒருவர் சிரிப்பாரேயானால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இனி அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். விண்ணப்பத்தில் ஸ்தாபனத்தின் பெயர், அதன் தலைமை இடம், கிளைகள் இருந்தால் அவற்றின் இடங்கள், ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்த தேதி, அவர்களுடைய முழுப்பெயரும் நிரந்தர விலாசமும், கூட்டின் கால வரையறை ஆகியவற்றை எழுதி, எல்லாப் பங்குதாரர்களும் கையொப்பமிட வேண்டும். முறைப்படி எழுதியிருக்கிறதா என்று பதிவாளர் பார்ப்பார். இருந்தால் ஏட்டில் ஏற்றுவார். நடத்துகிறவர்கள் நாணயஸ்தர்களா, கடை லாபத்தில் நடக்கிறதா என்பவற்றை விசாரிப்பது அவர் வேலையன்று. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: முதல் எவ்வளவு என்று அந்த விண்ணப்பம் கேட்பதே இல்லை, லாபம் இல்லை, கடன் இல்லை, பங்கின் விகிதம்கூட இல்லை. வெளியார் அறிய விரும்புவதெல்லாம் பேரேட்டில் இருந்தன, அது பூட்டியிருந்தது. பதிவேடு திறந்திருந்தது, அதில் பெயரும் விலாசமும் தேதியும் மட்டும் இருந்தன. ஆனால் பெயரும் விலாசமும் தேதியும் கையொப்பத்தோடு இருந்துவிட்டால், 'நான் குமாஸ்தா' என்று பிறகு சொல்ல முடியாது. கையெழுத்திட்டவருக்கு எதிராக அதுவே முடிவான சாட்சி என்று 68-ஆவது பிரிவு கூறுகிறது. வாதியின் தலையிலிருந்த பாரம் அவ்வளவில் இறங்கிற்று.

அந்தச் சட்டத்தின் அன்றைய கட்டண அட்டவணையை வாசிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. ஸ்தாபனத்தைப் பதிய மூன்று ரூபாய். பிற்பாடு மாறுதல் தெரிவிக்க ஒரு ரூபாய். பதிவேட்டின் ஒரு தொகுதியைப் பார்வையிட எட்டணா. நகல் வேண்டுமானால் நூறு சொற்களுக்கு நாலணா. எட்டணாவைக் கட்டியவர் அவ்வியாபாரத்தில் சம்பந்தமுள்ளவரா இல்லையா என்று கேட்கும் அதிகாரம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை, யாராயிருந்தாலும் பார்க்கலாம். பூட்டிய பெட்டியின் உலகத்தில் வளர்ந்த வியாபாரிக்கு, எட்டணா கொடுத்த எவனும் தன் பங்குதாரர் பட்டியலைப் பார்க்கலாம் என்பது எவ்வளவு புதுமையாகவும், சற்று அவமரியாதையாகவும் தோன்றியிருக்கும்! இன்றைய இணையதளத் தேடல் என்பது சாராம்சத்தில் இந்த எட்டணாப் பார்வையின் பேரனே.

பெயர் வைப்பதிலும் ஒரு தடை இருந்தது. கிரீடம், சக்கரவர்த்தி, சக்கரவர்த்தினி, சாம்ராஜ்யம், ராஜா, ராணி என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களையும், 'ராயல்' என்பதையும், அரசாங்கத்தின் ஆதரவு உண்டென்று தொனிக்கும் சொற்களையும் அரசின் சம்மதமின்றி ஸ்தாபனத்தின் பெயரில் சேர்க்கலாகாது. சக்கரவர்த்தியும் போனார், சாம்ராஜ்யமும் போயிற்று. தடை மட்டும் சட்டப் புத்தகத்தில் நின்றுவிட்டது. நம்மவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அவர்கள் ராஜாவை நம்பிப் பெயர் வைக்கவில்லை. ஸ்ரீலக்ஷ்மியையும் விநாயகரையும் முருகனையும் பாட்டனாரையும் நம்பிப் பெயர் வைத்து, ஈற்றில் 'அண்டு கோ' என்றோ 'அண்டு சன்ஸ்' என்றோ 'பிரதர்ஸ்' என்றோ ஒரு ஆங்கில வாலைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாலைக் கண்டு ஜனங்கள் எல்லாவற்றையும் 'கம்பெனி' என்று அழைக்கலானார்கள். சட்டப்படி கம்பெனி வேறு. அது மத்திய அரசின் கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாவது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றின் ஏட்டில் மற்றொன்றைத் தேடி, 'அப்படி ஒரு கம்பெனியே கிடையாது, மோசடி' என்று முடிவு கட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஒற்றை ஆள் நடத்தும் கடையோ இந்த இரண்டு ஏடுகளிலும் அகப்படாது.

கூட்டாண்மைப் பதிவேடு ஒன்றுதான் கடைகளைத் தேடி வந்த அரசாங்க ஏடு என்று எண்ணலாகாது. 1933-ஆம் ஆண்டு வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் வழியே வந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வியாபாரிக்கும் எடைபோடுகிறவருக்கும் உரிமம் வேண்டும் என்றன. 1939-இல் ராஜாஜியின் மந்திரிசபை கொண்டுவந்த பொது விற்பனை வரி, விற்றுமுதல் என்னும் புதிய சொல்லோடு கடைக்குள் நுழைந்து, பூட்டிய பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்டது. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார் மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1947-இல், கடைகள் நிறுவனங்கள் சட்டம் வந்து, கடைச் சிப்பந்திகளின் வேலை நேரத்தையும் விடுமுறையையும் ஏட்டில் ஏற்றிற்று. இவற்றுள் விற்பனை வரி ஏட்டுக்கே வியாபாரிகள் அதிகம் அஞ்சினார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அதன் வாரிசுகளாக 2007-இல் மதிப்புக்கூட்டு வரியும் 2017-இல் சரக்கு சேவை வரியும் வந்தன. இன்று ஒரு கடையின் இருப்பைச் சோதிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த வரி எண்ணைத்தான்.

தேடுகிறவர் அறிந்திருக்க வேண்டிய பூகோளமும் கொஞ்சம் உண்டு. தென்னார்க்காடு ஒரே ஜில்லாவாகவும் கடலூர் அதன் தலைநகராகவும் இருந்த காலம் நெடியது. 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. இது வருவாய்த்துறையின் கணக்கு. பதிவுத்துறைக்குத் தன் கணக்கு வேறு. அதன் கடலூர் மண்டலத்தில் விழுப்புரம் ஒரு பதிவு மாவட்டம், திண்டிவனம் மற்றொரு பதிவு மாவட்டம். கலெக்டர் இல்லாத திண்டிவனத்துக்கு மாவட்டப் பதிவாளர் உண்டு. அவரே கூட்டாண்மைப் பதிவாளராகவும் இருக்கிறார். மாவட்டத் தலைநகராக வேண்டும் என்று நெடுநாள் ஆசைப்படும் அந்த ஊர், பதிவேட்டிலாவது அந்தப் பதவியைப் பெற்றிருக்கிறது. எனவே செஞ்சிப் பக்கத்துக் கடையையோ மரக்காணத்து உப்பு வியாபாரத்தையோ தேடுகிறவர், எல்லாம் விழுப்புரத்தில்தானே இருக்கும் என்று எண்ணித் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம்.

இருப்பினும், இடத்தைவிடக் காலமே தேடுகிறவரை அதிகம் ஏமாற்றுகிறது. ஸ்தாபனம் கலைந்தாலோ பங்குதாரர் மாறினாலோ தெரிவிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறதேயன்றித் தெரிவித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. திறப்பு விழாவுக்கு முன்னால் வங்கிக் கணக்குக்காகவும் வழக்குக்கு வேண்டுமே என்றும் ஓடிப்போய்ப் பதிகிறவர்கள், கடையை மூடும் நாளில், மனம் கசந்து பிரிந்த கூட்டாளியோடு மறுபடி ஒருமுறை அந்த அலுவலகப் படியேற விரும்புவார்களா? ஆகையால், ஜனனத்தைக் கண்டிப்பாக எழுதி மரணத்தை எப்போதாவது எழுதும் கணக்குப்பிள்ளையைப் போல இந்த ஏடு இருக்கிறது. அதை அசட்டை செய்தவர்கள் அதன் பலனை அனுபவித்ததும் உண்டு. 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், ஸ்தாபனம் பதிவாகியே இருந்தது, ஆனால் புதிதாகச் சேர்ந்த பங்குதாரர்களின் பெயர்கள் வழக்குத் தொடுத்த நாளில் ஏட்டில் ஏறியிருக்கவில்லை, வழக்கு நிற்கவில்லை.

பதிவுத்துறையின் ஏடுகள் மெல்ல மெல்லக் கணினிக்கு மாறி, 2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' என்னும் திட்டம் தொடங்கிய பிறகு, தேடுகிறவருக்குப் பிரயாணச் செலவு மிச்சமாயிற்று. புதிய தொல்லை எழுத்தினால் வந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பெயர்க்கும்போது, ஸ்ரீ மூன்று விதமாகவும், லக்ஷ்மி நாலு விதமாகவும் உருமாறுகின்றன. விழுப்புரத்தின் ழகரத்துக்கே ஆங்கிலத்தில் இடமில்லை. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திருத்தி 2020-இல் ஓர் அரசாணை வெளிவந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். புளியமரங்களின் திந்திரிணிவனம் திண்டிவனமாகத் தேய, மூலப்பெயரைத் திந்திரிணீஸ்வரர் கோயில் மட்டும் காப்பாற்றிவருகிற ஊரில், கடைப் பெயர்கள் மட்டும் எழுத்துப் பிசகாமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பழைய தொகுதியை விரலால் புரட்டிய குமாஸ்தா, நீங்கள் சொன்ன பெயர் இல்லாவிட்டாலும் அதைப் போன்ற பெயரைப் பார்த்ததும் நின்று, 'ஐயா, இதுவாக இருக்குமா பாருங்கள்' என்பார். யந்திரமோ கொடுத்த எழுத்துக்கு மேல் ஒரு எழுத்தும் ஊகிக்காமல், பதிவு ஏதும் இல்லை என்று சொல்லிவிடும்.

அப்படிச் சொல்லப்பட்டவர் பெயரின் முதல் நாலு எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். பதிவு எண்ணும் ஆண்டும் ரசீதிலோ பழைய கடிதத்தாளின் மூலையிலோ அச்சாகியிருந்தால் அதைக் கொண்டு பார்க்கலாம். அதுவும் கைகொடாவிட்டால், திண்டிவனத்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறிப் போய், பதிவேட்டைக் காட்டும்படி கேட்கலாம். பதிவேட்டை யாரும் பார்வையிடலாம் என்னும் 66-ஆவது பிரிவு அப்படியேதான் இருக்கிறது. கட்டணந்தான் எட்டணா அல்ல.